படத்தில் இடம் மாறிய மார்த் குடா

மார்த் குடாவின் மணலில் சிவப்புச் சாயம் பூசிய முளைகளை முதலில் பார்த்தவள் யூலாலி செராஃபின்தான். அவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? முப்பது வருஷமாக அந்தக் குடாவைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு வேலை. மார்த் குடாவுக்கும் குயோ குடாவுக்கும் நடுவே ஒரு பாறை முனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் உச்சியில், கடல்திராட்சைப் புதரின் நிழலில், விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை உட்கார்ந்திருப்பாள். மீன் கூட்டம் உள்ளே நுழைந்தால் சங்கை ஊதிவிட்டு, எந்தக் குடாவோ அதன் பேரைச் சொல்லிக் கூவுவாள். ஊரில் அந்த வேலைக்குக் கூவுகாரி என்று பேர்.

அன்று கீழே வந்திருந்தது மீன் இல்லை, தொப்பி போட்ட நான்கு ஆட்கள். ஒருவன் முளை அடித்தான். ஒருவன் கயிறு பிடித்தான். மற்ற இரண்டு பேரும் ஊர்க்காரர்களின் தோணி நிழலில், சொந்த வீட்டு முற்றம் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். யூலாலி பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"யாரைக் கேட்டு இங்க முளை அடிக்கறீங்க?"

"ஹோட்டல் கம்பெனி ஆளுங்கம்மா. அரசாங்கம் இந்த இடத்தக் குத்தகைக்குக் குடுத்திருக்கு. உங்க ஊரே கை தூக்கிச் சம்மதம் சொல்லிச்சாமே."

"நாங்க சம்மதம் சொன்னது குயோ குடாவுக்கு."

"இதுதானே குயோ குடா" என்றான் கயிறு பிடித்தவன். சட்டைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மணலில் விரித்துக் காட்டினான்.

யூலாலி குனிந்து பார்த்தாள். பழைய நில அளவைப் படத்தின் நகல். மலைக்குப் பழுப்புக் கோடு, ஆற்றுக்கு நீலக் கோடு, மணலுக்குப் புள்ளி புள்ளியாக. பாறை முனை ஒரு விரல்நகம் அளவு துல்லியமாக இருந்தது. ஆனால் மணல் இருக்கிற குடாவில் குயோ என்று அச்சடித்திருந்தது. வெறும் கல்லும் அலையுமாகக் கிடக்கிற பக்கத்துக் குடாவில் மார்த் என்று அச்சடித்திருந்தது. மூலையில் 1957 என்று வருஷம் போட்டிருந்தது. பேர்களை மாற்றிச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. மாற்றிச் சொன்னது அவளுடைய அப்பா, தெயோஃபில் செராஃபின்.

அது ஊரின் செல்லக் கதை. அந்த வருஷம் லண்டனிலிருந்து படம் வரைகிறவர்கள் வந்தார்கள். ஆகாய விமானத்தில் பறந்து ஏற்கெனவே தீவைப் புகைப்படம் எடுத்துவிட்டார்கள். இப்போது முக்காலியும் குழாயுமாக நடந்து வந்து, கண்ணில் பட்ட ஆறு, மேடு, குடா எல்லாவற்றுக்கும் பேர் கேட்டார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் வலைக்கு வரி போட்டிருந்தது அரசாங்கம். அடுத்து மீன் படுகிற குடாவுக்கு வரி வரப்போகிறது, அதற்குத்தான் பேர் எழுதுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து க்ளோவிஸின் சாராயக் கடையில் இருபத்து மூன்று ஆண்கள் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசித்து என்ன கண்டுபிடித்தார்கள்? கல் குடாவின் பேரை மீன் குடாவுக்குச் சொல்லிவிட்டால், வரி கல்லின் தலையில் விழும். தெயோஃபிலுக்குத்தான் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். வெள்ளைக்காரனுக்கு அளவுகோல் தூக்குகிற கூலியும் அவர்தான். அதனால் சொல்லுகிற வேலையை அவரிடம் விட்டார்கள். அவர் சொன்னார். வெள்ளைக்காரன் தொப்பியைத் தொட்டு நன்றி சொல்லி எழுதிக்கொண்டான்.

வரி வரவே இல்லை. வராத வரியிலிருந்து தப்பித்த பெருமையை ஊர் நாற்பது வருஷமாகக் கொண்டாடியது. ஒவ்வொரு ஜூனிலும் புனித பேதுரு திருநாளன்று தோணிகளுக்கு மந்திரித்த பிறகு, காஸ்தோன் லாஃபோன் எழுந்து அந்தக் கதையைச் சொல்வார். இருபத்து மூன்று பேரில் இன்றும் எழுந்து நடமாடுகிறவர் அவர் ஒருவர்தான். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், யார் எத்தனை கோப்பை குடித்தார்கள் என்று பேர் பேராகச் சொல்லி, கடைசியில் வெள்ளைக்காரன் மாதிரி மூக்கால் பேசி நன்றி சொல்வார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். யூலாலியும் சிரித்திருக்கிறாள்.

அந்தச் சிரிப்புதான் இந்தப் பிப்ரவரியில் வினையாக வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு ஓர் அதிகாரி காகிதம் வாசித்தார். குயோ குடாவின் கரையை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விடப்போகிறோம், ஆட்சேபம் உண்டா என்றார். ஜனங்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அந்தக் கல்லில் ஆடுகூடப் படுக்காது. அங்கே ஹோட்டல் கட்டுகிற அறிவாளி யார் என்று கமுக்கமாகச் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னதும் அத்தனை கையும் மேலே போயிற்று. வருஷா வருஷம் அந்தக் கதையைக் கேட்கிற ஊரில், படத்தில் பேர் மாறிக் கிடக்கிறதே என்று ஒரு தலைக்குக்கூட உறைக்கவில்லை. கதை வேறு, அரசாங்கக் காகிதம் வேறு என்று இருந்துவிட்டார்கள். யூலாலியும்தான் கை தூக்கினாள். அதை நினைக்கிற போதெல்லாம் அந்தக் கையைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

மார்த் போனால் ஊர் போச்சு. அந்தக் கடற்கரை வரிசையில் கரைவலை இழுக்க மணல் இருக்கிற ஒரே இடம் அது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கவர்னர் உத்தரவே போட்டிருக்கிறார்: மார்த் குடாவின் கரை வலை இழுப்பவர்களுக்கு, அங்கே யாரும் எதுவும் கட்டக் கூடாது. அந்த உத்தரவு இன்னும் செல்லும். எந்தக் குடாவுக்குச் செல்லும் என்பதில்தான் சனியன் வந்து உட்கார்ந்துகொண்டது.

யூலாலி கூவுகாரி ஆனதே ஊரைச் சண்டைக்கு இழுத்துத்தான். அவளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது, அப்போது முனையில் கூவிக்கொண்டிருந்த தெயோஃபிலின் கண்ணில் புரை விழுந்தது. அவர் வெளியே சொல்லவில்லை. மகளைத் துணைக்கு என்று முனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கருப்பாக ஒன்று நகருதுப்பா, காத்துக்கு எதிரா வருது என்று அவள் சொல்வாள். அவர் சங்கை ஊதுவார். இரண்டு வருஷம் ஒரு குருடர் ஊருக்கு மீன் காட்டினார். விஷயம் வெளியானதும் ஆண்கள் ஆடித் தீர்த்துவிட்டார்கள். பெண் கூவினால் மீன் திரும்பிப் போய்விடும் என்றார்கள்.

"ரெண்டு வருஷமாத் தின்னீங்களே, அதுல ஒரு மீனாவது திரும்பிப் போச்சா?" என்று கேட்டாள் அந்தப் பதினெட்டு வயதுப் பெண். சங்கு அவள் கைக்கு வந்தது.

வந்தது என்றால் சும்மா வரவில்லை. பங்கு பிரிக்கும்போது கூவுகிறவருக்கு இரண்டு பங்கு என்பது வழக்கம். அவளுக்கு மட்டும் முதல் ஆறு வருஷம் ஒன்றரைதான் கொடுத்தார்கள். புருஷன் சிப்ரியன் கரும்பு வெட்டப் பக்கத்துத் தீவுக்குப் போனவன், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு கடமையை முடித்துக்கொண்டான். இரண்டு பெண்களை அந்த ஒன்றரைப் பங்கில்தான் வளர்த்தாள். முனையில் உட்கார்ந்து, தகர டப்பாவிலிருந்து ஈரப்பலாக்காயும் கருவாடும் எடுத்துச் சாப்பிடுவாள். அப்போதும் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்க மாட்டாள்.

ஊர் அவளை நம்பியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அவள் தப்பாகக் கூவியதே இல்லை. சங்குச் சத்தம் கேட்டால் ஊரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார்கள், ஏனென்றால் வலை கரையேறுவதற்குள் கயிற்றைத் தொட்டவருக்குத்தான் பங்கு. மார்த் என்று கேட்டால் கரைவலையும் கயிறுமாக இடது பாதை; குயோ என்று கேட்டால் வீச்சுவலையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வலது பாதை. அப்படி ஓட வைக்கிற குரல் ஒரு தடவை பொய்யானால் அதோடு சரி. அவள் இரண்டாவது பெண்ணைப் பெற்றுப் படுத்திருந்த வாரம், பதிலுக்கு உட்கார்ந்த ஓசியாஸ் மேக நிழலைப் பார்த்து மீன் என்று ஊதிவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. அவனே கரைக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால் சங்கை மணலில் வைத்தான். அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. தொட விடவும் மாட்டார்கள். அதைப் பார்த்த யூலாலி, சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டாள். நல்ல மீனைக் கோட்டை விட்டு வசவு வாங்கியிருக்கிறாளே தவிர, இல்லாத மீனுக்கு ஒரு நாளும் ஊதியதில்லை.

முளையைப் பார்த்த மறுநாளே லாரி ஏறி நகரத்துக்குப் போனாள். நில அலுவலகத்தில் மிஸ்டர் ஹிப்போலிட் என்ற அதிகாரி இருந்தார். முப்பது வயது, ஒல்லி, நல்ல மரியாதை. அந்த மரியாதையைப் பார்த்தே அவளுக்கு எரிந்தது. அதே படம், நகல் இல்லை, அசல், கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் தலைக்கு மேல் தொங்கியது.

"இப்ப இந்தப் படம் கிடைக்கறதே இல்லைங்க மேடம்" என்றார் ஹிப்போலிட். "வெளிநாட்டுலேர்ந்து வர்றவங்க விலைக்குக் கேக்கறாங்க. வீட்டுச் சுவர்ல மாட்டவாம்."

"தாராளமா மாட்டட்டும். அதை வச்சு எங்க சோத்துல மண்ணை அள்ளிப் போடாதீங்க. பேர் ரெண்டும் மாறிக் கிடக்கு."

"இது ஆகாய விமானத்துலேர்ந்து எடுத்து, லண்டன் இன்ஜினியருங்க வரைஞ்சது. ஒரு கெஜம் தப்பா இருக்காது."

"கரை தப்பில்ல மிஸ்டர். கல்லு, மேடு, ஆறு எல்லாம் அப்படியே இருக்கு. விமானத்துக்குப் பேர் எப்படித் தெரியும்? பேர் சொன்னது எங்கப்பா. மாத்திச் சொன்னார்."

ஹிப்போலிட் பேனாவைக் கீழே வைத்தார். "அரசாங்கத்துக்கிட்ட உங்கப்பா பொய் சொன்னார்ங்கறீங்க."

"ஆமா."

"அப்போ அவர் மக சொல்றதை நான் எப்படி நம்பறது?"

சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் அப்பாவைப் பற்றி வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை அவள். சொன்ன முதல் தடவையே இந்த வெகுமதி. "நம்ப வேணாம்" என்றாள். "படத்தையே பாருங்க. நீங்க மார்த்னு சொல்ற இடத்துல மணல் புள்ளி ஒண்ணாவது இருக்கா? கல்லு மேல வலை இழுக்கச் சொல்லியா கவர்னர் உத்தரவு போட்டார்?"

"அறுபது வருஷத்துல எத்தனை புயல் அடிச்சிருக்கும் மேடம். மணல் ஒரு இடத்துல நிக்காது."

இருக்கிற மணல் நிற்காதாம், இல்லாத பேர் மட்டும் கல்லில் வெட்டினது போல நிற்குமாம். யூலாலி நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். ஹிப்போலிட்டுக்கு என்ன தோன்றியதோ, வியாழக்கிழமை நானே வருகிறேன், ஊர்க்காரர்களைக் கேட்கிறேன், மூன்று பேர் நீங்கள் சொல்கிறதையே சொன்னால் போதும் என்றார்.

மூன்று பேர். முந்நூறு பேருக்குத் தெரிந்த கதைக்கு மூன்று பேர் கிடைக்க மாட்டார்களா என்றுதான் அவள் நினைத்தாள். நேரே காஸ்தோன் வீட்டுக்குப் போனாள். கிழவர் வாசலில் உட்கார்ந்து வலைக்கு மரக்கட்டை மிதவை கோத்துக்கொண்டிருந்தார்.

"பா காஸ்தோன், திருநாள்ல சொல்ற கதையை வியாழக்கிழமை ஒரு தடவை சொல்லணும்."

"அரசாங்க ஆள்கிட்டயா?"

"ஆமா."

"அவன்கிட்ட நான் எதுக்குப் பேசணும்? எங்கப்பன் பேசினதில்ல, நானும் பேசினதில்ல."

"பேசலன்னா மார்த் போயிடும் பா."

"ஏய் யூலாலி, நான் ஆமா மாத்திச் சொன்னோம்னு சொல்லுவேன், அவன் அதைக் காகிதத்துல எழுதிக்குவான். நாளைக்கு போலீஸ் வந்து, அரசாங்கத்தை ஏமாத்தினது யாருன்னு கேட்டா? உங்கப்பன் செத்துட்டான், தப்பிச்சான். நான் இருக்கேனே."

"நாப்பது வருஷமா மேடை போட்டுச் சொன்னப்ப வராத போலீஸா இப்ப வரும்?"

"அது நம்ம ஆளுங்ககிட்ட சொன்னது." அதற்கு மேல் மிதவையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை அவர்.

மற்ற வீடுகளிலும் இதே பாட்டுத்தான். பார்க்கலாம் மா, யோசிக்கலாம் மா. திருநாளில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்த வாய்களில் ஒன்றுகூட வாக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கடற்கரையில் குழந்தைக்குப் பால் மறக்கடித்த கையோடு சொல்லிக்கொடுக்கிறது ஒன்றுதான்: சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வருகிறவன் எது கேட்டாலும் உண்மையைச் சொல்லாதே. மற்ற எதையும் மறப்பார்கள், அதை மறக்க மாட்டார்கள்.

ஹிப்போலிட் சொன்னபடி வியாழக்கிழமை காலை வந்தார், கழுத்துப் பட்டையும் கையில் சுருட்டிய படமுமாக. யூலாலி முனையிலேயே இருந்தாள். கூடவே நின்று சொல்லிக்கொடுத்தாள் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாது என்று நினைத்தாள். பாதை இரண்டாகப் பிரிகிற வாதுமை மரத்தடியில் ஏழெட்டுப் பேர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தது மேலேயிருந்து தெரிந்தது. ஹிப்போலிட் போய் நின்று படத்தை விரித்தார். ஏதோ கேட்டார். காஸ்தோன் மெதுவாக எழுந்து தொப்பியைக் கழற்றினார். கையை நீட்டினார்.

கையை மட்டும் நீட்டியிருந்தால் என்ன கேள்விக்கு என்ன பதில் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் அவர் முதலில் மணல் குடாவைக் காட்டினார், படத்தில் விரலை வைத்தார், தலையாட்டினார். பிறகு கல் குடாவைக் காட்டினார், மறுபடி விரலை வைத்தார், மறுபடி தலையாட்டினார். படத்தில் அச்சடித்த பேர்களே சரி என்று. சுற்றியிருந்தவர்களும் கோயில் பூசையில் நிற்கிற முகத்தோடு தலையாட்டினார்கள். கையில் படத்தோடு ஒருவன் வந்து கேட்டான். அவர்களுக்குப் பழகிய பதில் தானாக வந்துவிட்டது. தாங்களே தங்கள் குடாவை ஹோட்டலுக்கு எழுதிக் கொடுக்கிறோம் என்ற நினைப்புக்கூட அந்த முகங்களில் இல்லை.

ஹிப்போலிட் மூச்சு வாங்க முனைக்கு ஏறி வந்தார். "மேடம், நான் மூணு பேர் கேட்டேன். எட்டுப் பேர் சொல்லிட்டாங்க. நீங்க சொன்னதுக்கு நேர் எதிரா. பெரியவர் ஒருத்தர் விரல் வச்சே காட்டினார்."

"பாத்தேன்."

"எனக்கு வருத்தம்தான். ஆனா இதுக்கு மேல நான் என்ன செய்யறது?"

அவர் படத்தைச் சுருட்டத் தொடங்கினார். யூலாலி மார்த் குடாவைப் பார்த்தாள். தண்ணீர் அடிமணல் தெரியத் தெளிந்து கிடந்தது. ஒரு நிழல் இல்லை. ஒரு பறவை தாழப் பறக்கவில்லை. அந்தத் தண்ணீருக்கு ஊதுவது என்றால் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரைப் பங்கும் வசவுமாக முப்பது வருஷம் காப்பாற்றிய பேர் அது. கீழே இருக்கிறவர்கள் நிமிஷத்தில் சொல்லிவிட்டுப் போன பொய்க்காக அதைக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு கொதித்தது. அழுகை வரவில்லை. அழுதால் அந்த எட்டுப் பேரும் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

"மிஸ்டர் ஹிப்போலிட், படத்தை மறுபடி விரிங்க. நீங்க கேட்டது அவங்க வாயை. நான் அவங்க காலைக் கேக்கறேன்."

சங்கை எடுத்து ஊதினாள். நீளமாக, மூச்சு தீரும் வரை. பிறகு எழுந்து நின்று, "மார்த்" என்று மூன்று தடவை கூவினாள்.

ஊர் ஓடியது. வாதுமை மரத்தடியில் வலை பொத்தியவர்கள் வலையைச் சுருட்டித் தோளில் எறிந்துகொண்டு ஓடினார்கள். வீடுகளிலிருந்து பெண்கள் கை ஈரத்தோடு ஓடினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வாத்தியார் ஓடினார். பாதை பிரிகிற இடத்துக்கு வந்தவர்களில் ஒரு கால்கூட நின்று யோசிக்கவில்லை. அத்தனை காலும் இடது பக்கம் திரும்பின, மணலுக்கு. அறுபத்தைந்து வயதுக் காஸ்தோன் கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனார். போகிற போக்கில் அவரும் வாய் நிறைய மார்த், மார்த் என்று கத்திக்கொண்டே ஓடினார். வழியில் நின்ற சிவப்பு முளைகளில் இரண்டை மிதித்துச் சாய்த்தார்கள்.

ஹிப்போலிட் படத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "ஒருத்தர்கூட அந்தப் பக்கம் போகல" என்றார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

கீழே தோணி தண்ணீரில் இறங்கிவிட்டது. வலையை எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்று கூவுகாரிதான் கை காட்ட வேண்டும். துடுப்புப் போட்டவர்கள் முனையை அண்ணாந்து பார்த்தார்கள். கரையில் கயிறு பிடித்தவர்களும் பார்த்தார்கள். யூலாலி இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

"மீன் எங்க மேடம்?" என்று கேட்டார் ஹிப்போலிட்.

"மீன் இல்ல."

அவள் சங்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. ஓசியாஸ் செய்தது போலவே சங்கை மணலில் வைத்தாள். ஓசியாஸைப் போலத் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"ஏய், நீயே பொய்யாக் கூவுனா இந்த ஊர் யாரை நம்பும்?" என்றார் காஸ்தோன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"அப்போ நீங்க விரல் வச்சுக் காட்டினதுக்கு என்ன பேர் பா? எங்கப்பா சொன்ன பொய்யை நாப்பது வருஷமா வாயில போட்டு மென்னீங்க. இன்னிக்கு அதையே துப்பி நம்ம கரையைத் தொலைக்கப் பாத்தீங்க. வெக்கமா இல்ல? கேக்கறேன், இதுல யாருக்காவது வெக்கமா இருக்கா?"

பின்னாலேயே இறங்கி வந்த ஹிப்போலிட் படத்தை ஒரு தோணியின் மேல் விரித்தார். இப்போது ஒளிக்க என்ன இருக்கிறது? கையும் களவுமாக, தோளில் கயிற்றோடு மார்த் குடாவில் நிற்கிறார்கள். பேர் இரண்டும் மாறித்தான் கிடக்கின்றன என்று ஒருவர் பின் ஒருவராகப் படத்தில் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து காஸ்தோன் போட்டார்.

மே மாதம் முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள். ஹோட்டல்காரர்கள் நிஜமான குயோ குடாவை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். முனையில் இப்போது மக்ஸிமின் என்று ஒருவன் உட்கார்கிறான்; அவனுக்கு முதல் நாளிலிருந்தே முழுசாக இரண்டு பங்கு. அவன் கூவும்போது யூலாலியும் மற்றவர்களோடு ஓடிப்போய்க் கயிறு பிடித்து ஒரு பங்கு வாங்கிக்கொள்கிறாள். கரையைக் காப்பாற்றியது யார் என்ற பேச்சை ஊரில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் தாங்கள் செய்ததையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்குமே.

ஜூனில் திருநாளன்று அரசாங்கக் கடிதம் வந்து சேர்ந்தது. வாத்தியார் சத்தமாக வாசித்தார். 1957ஆம் வருஷத்துப் படத்தில் இரண்டு குடாக்களின் பேர்கள் திருத்தப்பட்டன. அன்று தெயோஃபில் செராஃபின் என்பவர் கொடுத்த தவறான தகவலே பிழைக்குக் காரணம். உண்மையைத் தெரிவித்த ஊர்ப் பெரியவர் திரு. காஸ்தோன் லாஃபோனுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. ஜனங்கள் கை தட்டினார்கள். காஸ்தோன் எழுந்து தொப்பியைத் தொட்டுக்கொண்டார். அந்த வருஷம் வழக்கமான கதையை மட்டும் அவர் சொல்லவில்லை.

யூலாலி கை தட்டவில்லை. அப்பாவின் மேல் அவளுக்கு இருந்த கோபம் வேறு. அதை அவள் கல்லறையில் போய்த் தனியாகச் சொல்லித் தீர்த்துக்கொள்வாள். ஆனால் இருபத்து மூன்று பேர் கூடிச் சமைத்ததை ஒரு செத்த மனிதரின் தலையில் கொட்டிவிட்டு ஊர் கை கழுவிக்கொள்கிறதே, அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திங்கட்கிழமை லாரி ஏறினாள். ஹிப்போலிட் அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"எங்கப்பா பேரை எழுதியிருக்கீங்கல்ல, அதுல மிச்சப் பேரையும் எழுதணும்."

"எந்தப் பேர் மேடம்?"

"அன்னிக்குக் கடைல உக்காந்து முடிவு பண்ணின இருபத்திரண்டு பேர். எல்லாரும் எனக்கு மனப்பாடம். திருநாளுக்குத் திருநாள் சொல்லிக் குடுத்திருக்காங்க."

ஹிப்போலிட் திருத்தக் குறிப்பு இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். "ஓரத்துல அவ்வளவு இடம் இல்லையே."

"பொடியா எழுதுங்க. நான் இருக்கேன். எனக்கு இப்போ வேலை ஒண்ணும் இல்ல."

அவர் பேனாவைத் திறந்தார்.

"முதல்ல காஸ்தோன் லாஃபோன்" என்றாள் யூலாலி. "உயிரோடதான் இருக்கார். அதையும் சேத்து எழுதிக்குங்க."